சான்றுக்கேற்ற துணைவினை

கேள்வி: ஆங்கிலத் துணைவினைகளான 'மஸ்ட்', 'மே', 'மைட்' ஆகியவற்றின் பேதத்தை நெட்டுருப் போட்டும் பேச்சில் தடுமாறுகிறேனே, என் செய்வது? (வாசகர், அல்சூர், பெங்களூர்)

பதில்: பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வந்து நிற்பதைக் கண்ணாரக் கண்டவருக்குத் துணைவினையே வேண்டாம், பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளோடு வெளியே வருவதைக் கண்டு, வண்டி வந்திருக்கத்தான் வேண்டுமென்று அனுமானிப்பவருக்கு 'மஸ்ட்', கடிகாரத்தை மட்டும் பார்த்து, வந்திருக்கலாமென்று ஊகிப்பவருக்கு 'மே', அந்த ஊகத்திலும் சந்தேகம் மிகுந்தால் 'மைட்'. வந்திருக்கவே முடியாதென்று நிச்சயமாக மறுப்பதற்கு மட்டும் 'மஸ்ட் நாட்' உதவாது, அது தடையுத்தரவு, அங்கே 'காண்ட்' என்பதே பிரயோகம். நம்மவர் பெரும்பாலும் சறுக்குமிடம் இதுவே.

விதிகளை நெட்டுருப் போடுவதால் பாஷை வசப்படாது என்று கருதிய ஆங்கிலப் போதனை அறிஞர் என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை உங்கள் பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் உள்ள பள்ளிகளில், இலக்கணப் பாடத்தை ஒதுக்கி, ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் முன்வைத்து, மாணவர்களைச் சிந்தித்து விடை காணச் செய்த பரிசோதனை, உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்களின் கவனத்தை ஈர்த்தது. அதுவே சரியான மார்க்கம் என்பது என் அபிப்பிராயம். ஆகவே விதிப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, கண்ட அடையாளத்தையும் அதனால் துணிந்ததையும் சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.