கட்சி மாறும் கேம்கள்

கன்சோல் வாங்கப் போகிறவனுக்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: பெட்டியைப் பார்க்காதே, அதில் என்னென்ன கேம் வருகிறது என்று பார். நல்ல அறிவுரைதான். ஆனால் கேம்கள் பெட்டியிலேயே கிடப்பதாக யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

'காட் ஆஃப் வார்' ஆடுவதற்கென்றே 2018இல் பிளேஸ்டேஷன் 4 வாங்கியவர்கள் உண்டு. 2022 ஜனவரியில் அதன் நாயகன் க்ரேட்டோஸ், தாடியும் கோடரியுமாகக் கணினியில் போய் இறங்கினார். கார் பந்தய கேமான 'ஃபோர்ஸா ஹொரைசன் 5'க்காக எக்ஸ்பாக்ஸ் பக்கம் போனவர்கள் கதை இன்னும் உருக்கம். 2021இல் வந்த அந்தக் கார்கள் 2025 ஏப்ரலில் நேரே பிளேஸ்டேஷன் 5க்கே ஓட்டிக்கொண்டு போகப்பட்டன. கொள்கைக்காகச் சேர்ந்த தொண்டனைக் கேட்டா தலைவர் கூட்டணி மாறுகிறார்?

நிண்டெண்டோ கெட்டிக்காரர்கள். மாரியோவைக் கைபேசிப் பக்கம் கொஞ்சம் எட்டிப்பார்க்க விட்டதோடு சரி. அந்தக் கற்புக்கான கூலியை விலையில் வாங்கிக்கொள்கிறார்கள். 'மாரியோ கார்ட் 8' 2014இல் அவர்களுடைய வீ யூ கன்சோலில் வந்தது. 2017இல் 'டீலக்ஸ்' என்று வால் ஒட்டி ஸ்விட்ச் கன்சோலில் 60 டாலருக்கு வந்தது. ஆண்டுகள் போயும் அதே 60 டாலர். தங்கத்துக்குக்கூட இறங்கும் நாள் உண்டு.

இத்தனை ஆராய்ச்சிக்கும் பிறகு புதுப் பெட்டி வீட்டுக்கு வருகிறது. பையன் அதில் ராப்பகலாக ஆடுவது ஜிடிஏ 5. 2013இல் வந்த கேம். பரணில் கிடக்கும் பழைய பிளேஸ்டேஷன் 3இலும் ஓடும்.