எண் பெரிதா, எழுத்து பெரிதா?

கேள்வி: பேராசிரியர் பதவி உயர்வு என்றாலே 'ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு?' என்று கேட்கிறார்களே, அது என்ன கணக்கு? அதை வைத்து ஒருவரின் ஆய்வை எடைபோட முடியுமா?

பதில்: 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் போட்டுக்கொடுத்த கணக்கு அது. ஒருவர் 20 கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் மற்றவர்கள் 20 முறை மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய ஹெச்-இன்டெக்ஸ் 20. இன்னொருவர் ஐந்தே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் 5,000 முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருக்கு வெறும் 5! துறையையே புரட்டிப்போட்டவர் பட்டியலில் பின்னால் நிற்பார்.

இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் புகழ் தந்த கட்டுரைகள் 1964-ல் வந்தவை. அதற்குப் பிறகு அவர் எழுதியவை பத்துக்கும் குறைவு. 2013-ல் நோபல் பரிசு வாங்கியவர், 'இன்றைக்கு எனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைக்காது' என்றார். எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் எண்ணிக்கைதான் பெருகும். ஒரே ஆய்வை நாலாக நறுக்கி நாலு இதழ்களுக்கு அனுப்புவார்கள்.

மாற்றமும் தொடங்கிவிட்டது. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் 'இம்பாக்ட் ஃபேக்டர்' எண்ணை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று, ஆய்வு மதிப்பீடு பற்றி 2012-ல் உருவான சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் சொன்னது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம், பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் அந்த எண்ணைக் கைவிடுவதாக 2021-ல் அறிவித்தது.

தேர்வுக்குழுவில் உட்காருகிறவர், விண்ணப்பித்தவரின் சிறந்த மூன்று கட்டுரைகளையாவது படித்துவிட்டு வரட்டும். படிக்க நேரமில்லை என்பவருக்கு அந்த நாற்காலி எதற்கு?