கொழும்பு வீதி, கண்டி

நான் பிறந்து வளர்ந்தது கொழும்பு வீதியில். கொழும்பில் அல்ல, கண்டியில். நாலடி நடந்து திரும்பினால் திருகோணமலை வீதி. கடலே இல்லாத ஊரில் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். தெருவுக்குப் பெயர் வைக்கக்கூட அடுத்த ஊரிடம் இரவல் வாங்கிய ஊர்தான், ஆனால் பெருமை பேச உட்கார்ந்தால் கண்டிக்காரனை எழுப்ப முடியாது. ஞாயிறு சிங்களப் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள்; மாப்பிள்ளையின் படிப்பு, உத்தியோகம் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ‘உடரட்ட’, அதாவது மலைநாட்டார், என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கும். எங்கள் வீதித் தமிழர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. என் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கியவர். அவருடைய மகன், அதாவது என் அப்பா, சரக்கெடுக்க வரும் மாத்தளை வியாபாரியைப் பட்டிக்காட்டான் என்பார். ஒரே தலைமுறையில் அவ்வளவு உயரம்.

எங்களை வந்தான் வரத்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். ஊர் வரலாற்றை எடுத்துப் புரட்டினால் வராதவன் ஒருவனையும் காணோமே!

ரொபர்ட் நொக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1660 இல் கிழக்குக் கரையில் கப்பலோடு வந்து ஒதுங்கிய ஆங்கிலேயப் பையன். இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துவந்து கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் வைத்தார்கள். கம்பி, விலங்கு ஒன்றும் கிடையாது. ஊரார் சோறு போட வேண்டும், இவர் தப்பி ஓடக்கூடாது, அவ்வளவுதான் ஒப்பந்தம். மனிதர் சும்மா இருந்தாரா? தொப்பி பின்னி விற்றார். வீடு கட்டினார். நெல்லை வட்டிக்கு விட்டார். கைதியாக வந்தவனையும் முதலாளியாக்கிவிடும் ஊர் இது. 1679 இல் தப்பி ஓடினார், 1681 இல் லண்டனில் புத்தகமும் போட்டார். சுதந்திர தாகத்தால் ஓடினாராம். வட்டி வசூலாகவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும் என்பது கொழும்பு வீதியில் கடை வைத்திருந்த குடும்பத்தின் அனுபவபூர்வமான முடிவு.

அடுத்து அரசர்கள். 1739 இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்கு வாரிசு இல்லாமல் கண்ணை மூடினார். மதுரையிலிருந்து கட்டிவந்த ராணியின் சகோதரர் சிம்மாசனத்தில் ஏறினார். அக்கா வீட்டில் நாலு நாள் தங்கிப் போக வந்த மச்சினன் வீட்டை எழுதி வாங்கிய கதை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இங்கே எழுதி வாங்கியது நாட்டை. ஆனால் நாயக்கர் பரம்பரை வந்த வேலையை ஒழுங்காகப் பார்த்தது. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1753 இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த பிக்குகளின் உயர் துறவேற்பான உபசம்பதாவை மீட்டெடுத்தார். உலகமே வந்து வாய்பிளந்து பார்க்கும் எசல பெரஹராவில் புனித தந்தத்தை முன்னால் வைத்து இன்றைய வரிசையைப் போட்டவரும் அவரே. ஊர்வலத்தில், தந்தத்தின் கோயிலான தலதா மாளிகைக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி தேவாலயங்கள். பத்தினி வேறு யாருமில்லை, நம் கண்ணகிதான். மதுரைச் சம்பந்திகள் அரசாண்ட ஊரில் மதுரையை எரித்தவளுக்கும் மரியாதை குறையாமல் இடம் உண்டு. கையில் தீ வைத்திருக்கும் பெண் என்பதால் கடைசியில் நிறுத்தியிருக்கிறார்கள் போலும்.

கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. வேலியே இல்லாத கோபக்காரர். பிரதானி எஹெலபொலவின் பெண்டுபிள்ளைகளை அவர் கொன்றதை இன்றும் ஊர் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் வெட்டிய வாவியை மட்டும் மன்னித்து, தபால் அட்டையில் போட்டு, சுற்றுலாப் பயணிக்கு விற்கிறது. 1807 இல் வேலை தொடங்கியபோது அது நெல் விளைந்த வயல். சோறு போடும் நிலத்தைத் தண்ணீரில் முக்குகிறானே என்று பிரதானிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கூலி கொடுக்காமல் வேலை வாங்கியதால் ஊராரும் அடித்துக்கொண்டார்கள்.

வாவிக்கரையில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று கண்டுபிடிக்க அடையாள அட்டை வேண்டாம். மாலை ஐந்தரைக்கு மாளிகைப் பக்கத்து மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் வந்து அடையும். அடியில் நடைபாதை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கும். அண்ணாந்து “ஆஹா, எவ்வளவு பறவை!” என்கிறவர் கொழும்புக்காரர். அவருடைய சட்டைக்கு அடுத்த நிமிடம் முத்திரை விழும். கண்டிக்காரன் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தி, வாயை மூடி, பாதையின் வெளி ஓரத்துக்கு இறங்கி நடந்து, நாலு மரம் தாண்டி விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வான். சற்றுத் தள்ளி வெயிலுமில்லாமல் மழையுமில்லாமல் விரித்த குடைகள் தெரியும். ஒவ்வொரு குடைக்கும் நான்கு கால். அவற்றைக் கடந்துபோகும் கபரகொய்யா என்ற நீர் உடும்புகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். அத்தனை நாகரிகம்.

1815 மார்ச் 2 இல் பிரதானிகள் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டு, கண்ணுசாமியைக் கழற்றிவிட்டார்கள். வேலூருக்குக் கப்பலேறிய அவர் 1832 இல் அங்கேயே இறந்தார். வெள்ளைக்காரன் கணக்கில் நேர்மையானவன்; ஒரு ஆளை எடுத்தால் ஒரு ஆளைத் தருவான். எகிப்தில் கலகம் செய்த அராபி பாஷாவை 1883 இல் இலங்கையில் கொண்டுவந்து இறக்கினான், அவர் பிற்காலத்தில் குடியிருந்ததும் கண்டிதான். அந்த நாளில் கண்டியில் பிறந்த சட்டத்தரணி சித்திலெப்பை தமிழில் நாவல் எழுத உட்கார்ந்தார். மாயூரத்து முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் நாவல் 1879 இல் வந்திருந்தது. சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885 இல் வந்தது. தமிழ் நாவல் வரலாற்றின் முதல் வாங்கில் எங்கள் ஊருக்கு ஒரு இடம். ஆனால் கதை தொடங்குவது எகிப்தில்! தெருவுக்கே வெளியூர்ப் பெயர் வைக்கிறவர்களிடம் உள்ளூர்க் கதையை எதிர்பார்ப்பது நம் தவறு.

கண்ணுசாமி போய்விட்டாலும் அவருடைய சிங்கக்கொடி திரும்பி வந்தது. 1948 இல் சுதந்திர இலங்கை ஏற்றிய கொடி அதுதான். அதே வருடம் அதே அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து, அவரைப்போலவே தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. கொடி உள்ளூர், ஆட்கள் வெளியூர். சட்டம் கொண்டுவந்த பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் பெயர்தான் இன்று எங்கள் திருகோணமலை வீதிக்கு. நாங்கள் இன்னும் திருகோணமலை வீதி என்றே சொல்கிறோம். பழக்கம்தான், வேறு அர்த்தம் இல்லை.

அதற்கு முன்பே, 1944 இல், மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைத் தூக்கிக்கொண்டு பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தார். பர்மாவில் குண்டு, இங்கே ஒர்க்கிட். இரண்டாம் உலகப்போரை வென்றது பேராதனைக் குளிர்தான் என்பார் தாத்தா. மறுத்தவருக்குக் கடையில் பிளேன்டீ கிடைக்காது.

சலூன்காரர் தாத்தாவுக்கும் ஒரு படி மேலே. கண்ணாடிக்கு மேல் எம்.ஜி.ஆர். படம். கீழே ‘நம்ம ஊர்க்காரர்’. எம்.ஜி.ஆர். பிறந்தது நாவலப்பிட்டியில், குழந்தையாகவே கும்பகோணம் போய்விட்டார். அதனால் என்ன? “கண்டித் தண்ணி குடிச்ச ஒடம்பு தம்பி, அதான் அந்த நிறம்” என்பார் கத்தியைத் தீட்டிக்கொண்டே. கழுத்தில் கத்தி இருக்கும்போது நாவலப்பிட்டியின் தூரத்தைப் பற்றி யார் வாதாடுவது?

1983 ஏப்ரல் எங்கள் பெருமையின் உச்சம். ஸ்பீல்பேர்க்கின் இண்டியானா ஜோன்ஸ் படத்துக்கு இந்திய அரசு கதவைச் சாத்தியதால், ஹந்தானை மலையில் செட் போட்டு இந்தியக் கிராமத்தைக் கண்டியிலேயே எடுத்தார்கள். படத்தில் அந்த இந்தியக் கிராமத்தார் பேசுவது சிங்களம். ஊர்ப் பெரியவராக நடித்த டி.ஆர். நாணயக்காரவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்பீல்பேர்க் கமராவுக்குப் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். அதே வாரம் அஸ்கிரிய மைதானத்தில் கண்டியின் முதல் டெஸ்ட் ஆட்டம். ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வித்தியாசத்தில் நம்மை வெளுத்தது. தோற்றாலும் ஊரில் டெஸ்ட் நடந்ததே!

மூன்றே மாதம்தான். ஜூலை 26 இல் பேராதனை வீதியில் தமிழர் கடைகளுக்கு வைத்த தீ காசல் வீதிக்கும் கொழும்பு வீதிக்கும் வந்தது. ஹாஜியார் வீட்டு மேல்மாடியிலிருந்து எங்கள் கூரை இறங்குவதைப் பார்த்தோம். பிறகு கடைக்குள் போனபோது அப்பா முதலில் தேடியது கடன் கொப்பியை. சாம்பல். அந்த வருடம் கண்டியில் மனநிறைவோடு இருந்தவர்கள் எங்களுக்குப் பாக்கி வைத்திருந்தவர்கள்தான். நொக்ஸின் கஷ்டம் அப்போதுதான் புரிந்தது.

ஊர் மறுபடி நெஞ்சை நிமிர்த்த ஒரு முழங்கை தேவைப்பட்டது. எங்கள் ஊர்ப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனின் பாட்டனாரும் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்தான். 1995 இல் மெல்போர்னில் நடுவர் டரல் ஹெயார் அவருடைய பந்தை எறிபந்து என்று ஏழு தடவை கை நீட்டினார். அப்புறம் பல்கலைக்கழகங்கள் அந்தக் கையை அளந்தன. கை வளைகிறதாம். கடுகண்ணாவையிலிருந்து கண்டி வரைக்கும் வளையாத ஒரு பாதையைக் காட்டச் சொல்லுங்கள், பிறகு கையைப் பற்றிப் பேசலாம். 2007 டிசம்பர் 3 இல், அதே அஸ்கிரியவில், கொலிங்வுட்டின் விக்கெட்டைச் சாய்த்து 709 என்று ஷேன் வோர்னைத் தாண்டினார். அன்றைக்குக் கொழும்பு வீதியில் அவரை வந்தான் வரத்தான் என்றவர் ஒருவருமில்லை. எல்லோருக்கும் அவர் தூரத்துச் சொந்தம்.

சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் ‘ஊர் திரும்பிய’ எங்கள் பெரியப்பா ஒருவர் கோத்தகிரியில் இருக்கிறார். அங்கே அவர் பெயர் சிலோன்காரர். பார்க்கப் போன என்னை ஊட்டிக்குக் கூட்டிப்போய் ஏரிக்கரையில் நிறுத்தினார். ஜனம் படகுக்கு வரிசையில் நின்றது. பெரியப்பா ஏரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத குடும்பத்திடம் சத்தமாகச் சொன்னார்: “இதுக்குப் போயி டிக்கெட்டு வாங்குறீங்களே! எங்க கண்டியில வந்து பாருங்க, சும்மாவே பாக்கலாம். எங்க ராசா வெட்டுனது.”