கேமராவப் பாக்காத கண்ணு

சினிமாவுல நடிக்கப் போறயாமா? நெம்ப சந்தோசம். உன்ற அம்மா வந்து எங்கிட்ட அழுதுட்டுப் போனா. "உடு அம்மிணி, பையன் கூட்டத்துல நிக்கத்தான போறான்? மந்திரி வந்தாலும் நம்மூருக்காரன் கூட்டத்துலதான் நிக்கிறான், நோம்பி சாட்டுனாலும் கூட்டத்துலதான் நிக்கிறான். அங்க நின்னாக் காசாவது குடுப்பாங்க"ன்னு தேத்தி அனுப்புனேன்.

ஆனா வேலை தெரியாமப் போயி நின்னீன்னா பொள்ளாச்சிக்காரன் பேரு கெட்டுப்போயிரும் கண்ணு. நாங்கெல்லாம் கூட்டமா நிக்கறதுல பேரெடுத்த ஆளுக. ஒரு காலத்துல இந்தப் பக்கம் எந்த வாய்க்கா மேட்டுல ஏறிப் பாத்தாலும் ஒரு ஜெனரேட்டர் வண்டி நிக்கும். 1992ல வந்த 'தேவர் மகன்' இங்க எடுத்ததுதான். கதை நடக்கறது என்னமோ தெக்கத்திச் சீமையில. மண்ணு நம்ம மண்ணு. மண்ணே வேற ஊரு மண்ணா நடிச்சுப்போட்டுதுன்னா, மனுசன் நடிக்கறதுக்கு என்ன கேடு?

மெட்ராசுக்குப் போனதும் டைரக்டரைப் பாக்கலாம்னு கனாக் காங்காத. வடபழனி, சாலிகிராமம் பக்கம் நீ மொதல்ல பாக்கப் போறது ஏஜென்ட்டை. கம்பெனிக்காரன் அவருகிட்ட "நாளைக்குக் கலியாண சீன், நூறு உருப்படி வேணும்"பான். அவரு சந்தையில மாடு பாக்கறாப்புல உன்னையச் சுத்தி வந்து பாப்பாரு. பல்லை மட்டும் புடிச்சுப் பாக்க மாட்டாரு. நெறமா, மொழுமொழுன்னு, கோட்டு மாட்டுனாக் கம்பெனி மொதலாளியாட்ட இருந்தீன்னா "ரிச்"சுன்னு ஒரு பக்கம் ஒதுக்குவாரு. அவியளுக்குக் கூலி கொஞ்சம் எச்சு. பார்ட்டி சீனுல கலர்த் தண்ணிக் கிளாசைப் புடிச்சுட்டு ஃபேன் காத்துல நிக்கலாம். மிச்சமானவியெல்லாம் "கிராமம்". வெயில்ல நிக்கோணும்.

இங்க நம்மூருல ஒரு படம் எடுத்தப்ப நடந்ததைக் கேளு. ஏக்கரா ஏக்கராவாத் தென்னந்தோப்பு வெச்சிருக்கற மனுசன் ஒருத்தரு, மடிச்சுக் கட்டுன அழுக்கு வேட்டியும் ஓட்டைப் பனியனுமா வேடிக்கை பாக்க வந்தாரு. அசிஸ்டென்ட் டைரக்டர் ஓடி வந்து, "ஐயா, கோயில் வாசல்ல பிச்சைக்காரர் வரிசையில ஒரு ஆளு கொறையுது, உக்காருங்க"ன்னுட்டான். அவரும் உக்காந்தாரு. அவருக்கு அடுத்தாப்புல உக்காந்தது நெசமான பிச்சைக்காரரு. அந்தாளை மூஞ்சி பத்தலைன்னு மத்தியானமே எழுப்பி உட்டுட்டாங்க. தோப்புக்காரரு சாயங்காலம் வரைக்கும் உக்காந்து கூலியும் வாங்கிட்டுத்தான் போனாரு. இதுதான் சினிமா. இருக்கறவன் இல்லாதவனாட்டத் தெரியோணும், இல்லாதவன் இருக்கறவனாட்டத் தெரியோணும். நீ எதாவும் தெரிய மாட்டே, அதைப் பத்திக் கவலைப்படாத.

விடியக்காலையில வேன் வரும். அஞ்சு மணிக்கு ஏத்திட்டுப் போயி எறக்கி உட்டா, மொத ஷாட்டு எடுக்கறப்போ பொழுது உச்சிக்கு வந்திருக்கும். அதுவரைக்கும் லைட்டு வெப்பாங்க, தள்ளி வெப்பாங்க, ஹீரோயின் முடி காயும். நீ ஒக்காந்திருக்கோணும். ஒரு வேலையும் செய்யாம ஒக்காந்திருக்கறது சாமானியமில்லை, அதுக்குப் பழக்கம் வேணும்பாங்க. உனக்கு அந்தப் பழக்கம் நெறைய இருக்குது, அதுல நான் தைரியமாத்தான் இருக்கறேன்.

அங்க போனதுல இருந்து உனக்குப் பேரு கெடையாது. உங்கப்பன் ஜோசியருக்குக் காசு குடுத்து வெச்ச பேரை வேன்லயே உட்டுட்டுப் போ. "ஏய் பச்சைச் சட்டை, ரெண்டு அடி தள்ளி நில்லு"ன்னு மைக்குல கத்துவான் ஒரு பையன். அவனுக்கு உன்னைய உட ரெண்டு வயசு கம்மியா இருக்கும். மொறைக்காத. அவனைய இன்னொருத்தன் இதே மாதிரிக் கத்திட்டு இருப்பான்.

ஹீரோவும் ஹீரோயினும் ரோட்டுல நின்னு பேசறப்போ பின்னால ஆளுக போயிட்டும் வந்துட்டும் இருப்பாங்கல்ல, அதுக்குப் "பாஸிங்"னு பேரு. கையை ஆட்டுனா நடக்கோணும், அந்தக் கோடிக்குப் போனதும் லைட்டுக்குப் பின்னால குனிஞ்சு ஓடி வந்து மறுக்காவும் நடக்கோணும். மொதல்ல குடையோட, அப்புறம் மஞ்சப்பையோட, அப்புறம் சைக்கிளைத் தள்ளீட்டு. ஒரே ஆளு ஒரு ஊரையே நடந்து காட்டோணும். அப்ப கேமரா பக்கம் மட்டும் கண்ணு போகப்படாது. பாக்காதன்னு சொன்னா அப்பத்தான் பாக்கச் சொல்லும் மனசு. தேட்டர்ல ஒக்காந்திருக்கறவனைக் கூட்டத்துல ஒருத்தன் நேருக்கு நேரா மொறச்சுப் பாத்தான்னா அந்த ஷாட்டு குப்பைக்குத்தான்.

நீ நெனைக்கறது எனக்குத் தெரியும். ஹீரோ தோளுக்குப் பக்கமா எடம் புடிச்சு, தலை சீவி, மூஞ்சியக் காட்டி நின்னா டைரக்டர் கண்ணுல பட்டுருவோம்னு. பட்டா என்ன ஆகும் தெரியுமா? "இந்தாளு மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுபோச்சு, இனி இவன் வேண்டாம்"னு வேன்ல ஏத்தி உட்டுருவாங்க. காய்கறி மார்க்கெட்டுல தெரிஞ்ச மூஞ்சி அடுத்த சீனுல கோர்ட்டுல வக்கீலா நின்னாப் பாக்கறவன் சிரிக்க மாட்டானா? முதுகைக் காட்டி நிக்கறவனுக்குத்தான் படம் முடியற வரைக்கும் வேலை. ஒரு பஞ்சாயத்து சீனைத் தவுர என்ற மூஞ்சி எந்தப் படத்துலயும் இல்லை. என்ற முதுகு நடிச்ச படம் டிவியில வாரத்துக்கு ஒண்ணு போடறான். உன்ற அம்மிச்சி கூட ஒருக்கா பாத்துட்டு, "அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரு யாருங்க, கம்பீரமா நிக்கறாரே"ன்னா. நான் வாயைத் தொறக்குல.

பந்தி சீன் மாட்டுச்சுன்னா சாக்கிரதை. தலைவாழை எலை, லட்டு, வடை, அப்பளம், பாயசம் எல்லாம் நெசமாலுமே இருக்கும். நீ விடியக்காலையில ரெண்டு இட்லியோட வந்திருப்பே, கை தன்னால போகும். தின்னுபோடாத. நீ கவளத்தை எடுத்து வாய்க்கிட்டக் கொண்டு போறப்போ ஹீரோ எந்திரிச்சு "நிறுத்துங்க"ம்பான், உன்ற கை அந்தரத்துல நிக்கோணும். அதான் ஷாட்டு. "ஒன் மோர்"னு பொழுதுக்கும் அதையே எடுப்பாங்க. மொத டேக்குல வடையக் கடிச்சுட்டீன்னா ரெண்டாவது டேக்குல வடை எங்கேன்னு கேப்பான். கண்டின்யூட்டி பாக்கற பையன் ஒவ்வொரு எலையையும் போட்டோ புடிச்சு வெச்சிருப்பான். லைட்டுச் சூட்டுல சாம்பாரு நொரை கட்டியிருக்கும். ஈ மொய்க்கப்படாதுன்னு மருந்து அடிச்சிருந்தாலும் அடிச்சிருப்பாங்க, அதை ஆரும் உனக்குச் சொல்ல மாட்டாங்க.

என்ற பக்கத்து எலையில உக்காந்தவரு, பேரு வேண்டாம், இப்ப நமக்கு ஒறம்பரை ஆயிட்டாரு, லட்டை எடுத்து மடியில போட்டுட்டாரு. அடுத்த டேக்குல பையன் போட்டோவையும் எலையையும் மாத்தி மாத்திப் பாத்தான். "மூணாவது வரிசையில ஒரு லட்டு கொறையுதுங்க சார்"னான். அத்தனை லைட்டும் எரியுது, ஹீரோ ஒரு கையைத் தூக்குனாப்புல நிக்கறான், யூனிட்டே லட்டுத் தேடுது. மனுசன் கடைசியில வேட்டி மடிப்புல இருந்து எடுத்து எலையில வெச்சாரு. தேட்டர்ல போயிப் பாத்தோம். அந்த லட்டு படத்துல இருக்குது. அவரு இல்லை.

மத்தியானம் பிரேக் உடுவாங்க. அங்க சோத்துலயும் மேல் வரிசை கீழ் வரிசை உண்டு. ஹீரோவுக்குக் கேரவன்ல தனியாப் போகும், டெக்னீசியனுக்கு டேபிள் போட்டு, நமக்கு வரிசையில. கறிக்கொழம்பு நம்ம வரிசைக்கு வரப்போ கொழம்பு மட்டும் வரும். அதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணுமில்லை.

வசனத்தைப் பத்திக் கேட்டியே. நம்ம படமெல்லாம் நெம்ப நாளா டப்பிங் படந்தான், கூட்டத்துல நின்னு நீ என்ன வேணாப் பேசலாம். ஒரு பஞ்சாயத்து சீன். மரத்தடியில நாட்டாமை தீர்ப்புச் சொல்றாரு. நானும் பக்கத்துல நின்னவரும் கொப்பரை வெலை எறங்கிப் போனதைப் பத்திப் பேசிட்டு இருந்தோம். படத்துல பாத்தா, நாங்க ரெண்டு பேரும் நாயம் செத்துப்போச்சுன்னு பொங்கறாப்புல ஆரோ கொரல் குடுத்திருக்காங்க. வாயசைவு அத்தனை பொருத்தம். வெலை எறங்குனதுக்கு நெசமாலுமே கோவமாத்தான் இருந்தோம், அதனால மூஞ்சியும் பொருந்திருச்சு. இப்ப சில படத்துல லைவ் சவுண்டுங்கறாங்க. அதுல வாய் மட்டும் அசையோணும், சத்தம் வரப்படாது. எனக்கு அது கஷ்டமில்லை, கண்ணாலம் ஆனதுல இருந்து ஊட்டுல அப்பிடித்தான பேசறேன்.

பெரிய படத்துல நின்னாப் பேரு கெடைக்கும்னு ஆரோ சொன்னாங்களா? பெரிய படத்துக் கணக்கைச் சொல்றேன், கேட்டுக்க. 'காந்தி' படத்துக்காவ 1981 ஜனவரி 31ந் தேதி டெல்லி ராஜபாதையில இறுதி ஊர்வலம் எடுத்தாங்க. மூணு லட்சம் பேருக்கு மேல. அதுல பெரும்பாலும் சும்மா வந்து நின்னவிய, மிச்சப் பேருக்குச் சின்னக் கூலி. கின்னஸ் புஸ்தகத்துல ஏறுன கூட்டம் அது. பதினோரு கேமராக் குழு, 20,000 அடிக்கு மேல பிலிம். வெட்டி ஒட்டுனதுக்கு அப்புறம் திரையில வந்தது 125 விநாடி. பங்கு போட்டுப் பாரு. ஒரு விநாடிக்கு 2,400 பேரு. உன்ற பங்குக்கு ஒரு கண் சிமிட்டல் கூட வராது. அதுக்கும் முந்தி, 1948ல வாசன் எடுத்த 'சந்திரலேகா'வுல முரசு மேல ஏறி நூத்துக்கணக்குல ஆடுனாங்க. மாசக்கணக்குல ஒத்திகை பாத்து ஆடுனது. டி.ஆர்.ராஜகுமாரி பேரு எனக்குத் தெரியும். அடுத்த முரசுல ஆடுன புள்ளை பேரு ஆருக்குத் தெரியும்?

விஜய் சேதுபதின்னு ஆரம்பிப்பே. தெரியும். 2004ல 'எம். குமரன்' படத்துல குத்துச்சண்டை பாக்கற கூட்டத்துல உக்காந்திருந்தாரு, 2010ல 'தென்மேற்குப் பருவக்காற்று'ல ஹீரோ ஆயிட்டாரு. ஆறு வருசம். நல்ல மனுசன், தாக்குப் புடிச்சாரு. அதே கூட்டத்துல அவருக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருந்தாங்கல்ல, அவிய என்ன ஆனாங்க? அதையும் விசாரிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லு.

லைப்ரரியில ஒரு கதை படிச்சேன், 'புலிக்கலைஞன்'. அசோகமித்திரன்னு ஒருத்தரு எழுதுனது. அவரு ஜெமினி ஸ்டுடியோவுல வேலை பாத்தவரு, சும்மா அளக்குல. புலி வேசம் போடற ஏழை ஒருத்தன் சான்சு கேட்டு வந்து, ஆபீசுக்குள்ளயே புலியாப் பாஞ்சு காட்டறான். பாத்தவிய உறைஞ்சு போறாங்க. பின்னால அவனுக்கு ஏத்தாப்புல ஒண்ணு வந்து கடுதாசி போட்டா, அந்த வெலாசத்துல ஆளு இல்லைன்னு திரும்பி வந்துருது. படிச்சுட்டு ரா முச்சூடும் தூக்கமில்லை. அதனால சொல்றேன், வாடகை ரூமை அடிக்கடி மாத்தாத. உனக்குப் புலியாட்டப் பாயத் தெரியாது, இருந்தாலும்.

இன்னொண்ணைக் கிண்டல் இல்லாமச் சொல்றேன். அங்க வயசான பொம்பளைக இருப்பாங்க. எழவு சீனுல சுத்தி உக்காந்து மாரடிக்கறவிய. ஹீரோயினுக்குக் கண்ணுல கிளிசரின் ஊத்துவாங்க, இவியளுக்கு அது கெடையாது, சொந்தத்துல அழுவாங்க. வேற போக்கில்லாம காலமெல்லாம் அங்கயே இருந்தவிய. கையில டீ வந்தா மொதல்ல அவியகிட்டக் குடுத்துட்டு அப்புறம் நீ குடி.

இப்ப ஒரு புதுத் தொந்தரவு வந்திருக்குது. 2003ல வந்த 'சீபிஸ்கட்'டுங்கற அமெரிக்கப் படத்துல குதிரைப் பந்தயத்துக் கூட்டத்துக்கு ஆளுக்குப் பதிலாக் காத்தடிச்ச பொம்மையை உக்கார வெச்சாங்க. பொம்மை டீ கேக்காது, பேட்டா கேக்காது, கேமராவையும் பாக்காது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்துல சண்டைக் கூட்டம் பாதிக்கு மேல கம்ப்யூட்டர் போட்டது. 2023ல அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செஞ்சுதல்ல, அதுல ஒரு சண்டை இதுதான். கூட்டத்துல நிக்கறவனுக்கு ஒரு நாள் சம்பளம் குடுத்து, ஆளை ஸ்கேன் எடுத்து வெச்சுட்டுக் காலத்துக்கும் வெச்சுக்கப் பாக்கறாங்கன்னு சங்கம் சொல்லுச்சு. ஸ்டுடியோக்காரங்க அப்பிடியில்லைன்னாங்க. கடைசியில, சம்மதம் வாங்கித்தான் செய்யோணும்னு ஒப்பந்தத்துல ஏத்துனாங்க. நம்மூருல எந்தக் காகிதம் நீட்டுனாலும் படிக்காமக் கையெழுத்துப் போடறவிய நாம. என்ற முதுகை ஒருக்கா ஸ்கேன் எடுத்தான்னு வெய்யி, உன்ற பேரன் காலத்துலயும் அது கூலி வாங்காம நின்னுட்டிருக்கும். அதனால மெசினு முன்னால நிக்கச் சொன்னா, எதுக்குன்னு கேட்டுட்டு நில்லு.

சரி, போயிட்டு வா. வெள்ளைச் சட்டை எடுத்துட்டுப் போகாத, லைட்டுல பளீர்னு அடிக்கும்னு மாத்தச் சொல்லுவான். நடுவுல தாடி எடுக்காத, நேத்து நின்ன ஆளு நீதான்னு தெரியாது. "பேக்கப்"னு கத்துன ஒடனே ஏஜென்ட் கிட்டப் போயி நில்லு. வவுச்சர்ல என்ன எழுதியிருக்குது, கையில என்ன வருதுன்னு எண்ணிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு. காசு வாங்காம வேன்ல ஏறாத. அப்புறம், வார மாசம் தோப்புல தேங்காய் போடோணும், ஆளு கெடைக்கறதில்லை. அந்த வாரத்துல மட்டும் ஆருக்கும் கால்சீட்டு குடுத்துறாத.