ஏர்பஸ்ஸை எறக்குன பேராண்டிக்கு

வாப்பா ராசா, இப்படிக் கட்டில்ல வந்து உக்காரு. ராத்திரி பூராம் நீ ஏரோப்பிளேன் ஓட்டுனதா உங்க ஆத்தா மேலக்கால் ரோடு வரைக்கும் சொல்லிட்டு வந்திருக்கா. நானும் இங்கிட்டுக் கெடந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கம்ப்யூட்டர் திரையில நீலக்கோடு ஒண்ணு இடது பக்கமிருந்து வலது பக்கமா ஊர்ந்துச்சு. அது கடைசிக்குப் போயிச் சேர்ந்ததும் இன்னொரு கோட்டை ஊர விட்ட. அம்புட்டுதான் நீ ஓட்டுனது.

குத்தமாச் சொல்லலப்பா. வயக்காட்டை பிளாட் போட்டு வித்த காசுல உங்கப்பன் வாங்கிக் கொடுத்த பெட்டி. நெல்லு வெளஞ்ச எடத்துல இப்ப அபார்ட்மெண்ட் நிக்கிது, அதுல மூணாவது மாடியில உக்காந்துக்கிட்டு நீ வானத்தை உழுற. வைகைத் தண்ணி பாஞ்ச பூமி, வீணாவா போகும்? அதுவுமில்லாம, ‘சூரரைப் போற்று’ படத்துல சோழவந்தான்காரன் பிளேன் கம்பெனியே நடத்திட்டான். நம்ம ரோட்டைப் பிடிச்சு மேக்க போனா அவன் ஊரு. கோச்சடைக்காரன் ஒரு பிளேனைக்கூடத் தரையை விட்டுக் கெளப்பலைன்னா ஊருக்கு என்ன மரியாதை? அதான் நாலு வார்த்தை சொல்லலாம்னு கூப்பிட்டேன்.

நீ பண்ணுறதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒரு பிளேனோட நிக்காததுதான். 2020 ஆகஸ்டுல மைக்ரோசாப்ட்காரன் இந்த ஃப்ளைட் சிமுலேட்டரை விட்டப்பவே கூட ஒரு ஏ320 நியோவைக் கொடுத்தான். வெளிய பாத்தா அம்சமா இருக்கும். உள்ள போயி உக்காந்தா பல சுவிட்ச்சுக்கு உசுரே கிடையாது. இதைப் பாத்துப் பொறுக்க மாட்டாத பயலுக சில பேரு ஃப்ளைபைவயர்னு ஒரு கூட்டம் சேர்ந்து, அந்தக் காக்பிட்டை உள்ளாற மாத்தி, எல்லாத்துக்கும் சும்மாவே கொடுக்குறாய்ங்க. சும்மா கெடச்சதுக்கு மதிப்பு ஏது? 2022 மே மாசம் ஃபீனிக்ஸ்காரன் ஏ320 போட்டான், பிஎம்டிஜிகாரன் 737 போட்டான், ரெண்டும் காசு. நீ சும்மா வந்ததையும் எறக்குன, காசுக்கு வந்ததையும் எறக்குன, 2024-ல ஏ380 வந்துச்சு, அதையும் எறக்குன. நம்ம முத்தையா கோயில் வாசல்ல நிக்கிற குதிரை கணக்கா அத்தனையும் சிங்காரிச்சு நிக்கிது. அந்தக் குதிரையிலயாவது சாமி உக்காந்திருக்காரு.

சரி, மாட்டுற வேலைக்கு வருவோம். வெவரமானவன்னு பேரெடுக்கணும்னா எதையும் படிச்சிராத. கம்யூனிட்டின்னு ஒரு ஃபோல்டரு, ஆப்டேட்டாவுக்குள்ள எங்கிட்டோ ஒளிஞ்சு கெடக்கும், விண்டோஸ் அதைச் சாமானியத்துல கண்ணுல காட்டாது. வந்த ஜிப்பைப் பிரிச்சு, பிளேன் இருக்குற ஃபோல்டரை அதுக்குள்ள தூக்கிப் போட்டா வேலை முடிஞ்சது. ஃபோல்டரைத் திறந்த ஒடனே மேனிஃபெஸ்ட்டுன்னு ஒரு ஃபைலு, லேஅவுட்டுன்னு ஒரு ஃபைலு, ரெண்டும் வாசல்லயே நிக்கணும். நீ பிரிச்சப்ப ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபோல்டரு, அதுக்குள்ள இன்னொண்ணுன்னு வந்துச்சு. மூணு கதவு தாண்டிப் படுத்துக் கெடக்குறதை சிமுலேட்டர் தேடி வந்து எழுப்புமாக்கும்? உள்ள இருக்கிறதை ஒரு எட்டு வெளிய இழுத்துப் போட்டிருந்தா வேலைக்கு ஆகியிருக்கும். நீ சுருக்கா முடிவெடுத்த: கேமையே அழிச்சிட்டு முதல்ல இருந்து எறக்குவோம்னு. ஐரோப்பாவுல இதே கேமை டிவிடியில வித்தப்ப பத்துத் தட்டு வச்சு வித்தாய்ங்க, 90 ஜிபி. ஒரு ஃபோல்டரை நகத்தச் சோம்பல்பட்டுப் பத்துத் தட்டையும் மறுபடி கழுவுன பய நம்ம கோச்சடையில நீ ஒருத்தன்தான்.

கேமுக்கு அப்டேட் வந்த அன்னிக்குத் திரை கருத்துப் போயி நின்னுச்சுன்னா, கம்யூனிட்டி ஃபோல்டர்ல இருக்குறதை எல்லாம் வெளிய எடுத்து வச்சிட்டுத் திறந்து பாருன்னு வெவரம் தெரிஞ்சவன் சொல்லுவான். நீ காதுல வாங்கிராத. நேரா உங்கப்பன்ட்ட போயி, புது கிராபிக்ஸ் கார்டு வேணும்னு நில்லு. அடுத்த பிளாட்டை விக்கிறதுக்கு அவனுக்கும் ஒரு காரணம் வேணும்ல.

திருட்டுக் காப்பி வேணாம்னு ஒரு தடவ சொன்னேன், சிரிச்ச. இதைக் கேட்டுட்டுச் சிரி. ஃப்ளைட்சிம்லேப்ஸ்னு ஒரு கம்பெனி, இதே ஏ320-தான் செஞ்சு வித்தான். அவன் கொடுத்த இன்ஸ்டாலருக்குள்ள, குரோம்ல சேத்து வச்சிருக்கிற பாஸ்வேர்டை உருவுற சாமானும் இருந்தது 2018 பிப்ரவரியில வெளிய வந்துச்சு. ‘காசு கொடுத்து வாங்குனவனைத் தொடமாட்டோம், திருட்டு நம்பர் போட்டவனைப் பிடிக்கத்தான் வச்சோம்’னாய்ங்க. ஊரே காறித் துப்புன பெறகு எடுத்துட்டாய்ங்க. திருடனைப் பிடிக்கத் திருடன் வந்த கதை. காசு கொடுத்தவன் பொட்டிக்குள்ளயும் அந்தச் சாமான் போயிட்டுத்தான் வந்துச்சு. உன் பாஸ்வேர்டு என்னமோ உங்க ஆத்தா பேரும் 123-உம்தான், அதை எடுக்க ஆளு வைக்கத் தேவையில்ல, நானே சொல்லிருவேன்.

இப்ப பிளேனுக்குள்ள வா. கரண்டு இல்லாம, இருட்டுக் கட்டி நிக்கிதுல்ல, அங்கயிருந்துதான் நெசமான ருசி. பேட்டரி ரெண்டையும் போடு. வெளிக் கரண்டு இருந்தா எடுத்துக்க, இல்லாட்டி வாலுக்குள்ள இருக்குற சின்ன எஞ்சினு, ஏபியூன்னு சொல்றாய்ங்களே, அதைக் கெளப்பு. அது கொடுக்குற காத்துலதான் றெக்கைக்கு அடியில இருக்குற பெரிய எஞ்சினே சுத்த ஆரம்பிக்கும். தலைக்கு மேல மூணு குமிழு இருக்கு, அதை ஆஃப்ல இருந்து நேவ்க்குத் திருப்பணும். திருப்பிட்டுக் கம்முனு இருக்கணும். பூமி சுத்துறதை உணர்ந்து, வடக்கு எங்கிட்டுன்னு அந்தக் குமிழு முடுக்கி விடுற பொட்டி தானாக் கண்டுபிடிக்குதாம்டா. அது முடியுற வரைக்கும் பிளேனு நகரக் கூடாது. பூமி சுத்துறதை நான் எம்பது வயசு வரைக்கும் உணர்ந்ததில்ல, தகரப் பொட்டி உணருது. இம்புட்டு அதிசயத்துக்குச் சில நிமிசம் ஆகும். உனக்கு அம்புட்டுப் பொறுமை ஏது? செட்டிங்ல போயி ‘இன்ஸ்டன்ட்’னு வச்சிருக்க. வடக்கு கண்டுபிடிக்கிறதுல மிச்சம் பிடிச்ச நேரத்தை ரீல்ஸ் பாக்குறதுல செலவழிச்ச. கணக்கு சரிதான்.

அப்புறம் நடுவுல இருக்குற எம்சிடியூ. எங்கயிருந்து எங்க போறோம்னு அதுல அடிக்கணும். நமக்கு விஓஎம்டி, சென்னைக்கு விஓஎம்எம். வால் எழுத்து மட்டுந்தான் வித்தியாசம். நீ ரெண்டு பக்கமும் விஓஎம்டியே அடிச்சு, மதுரையில இருந்து மதுரைக்கு ரூட்டு போட்ட. மாட்டுத்தாவணி மினிபஸ்காரன்கூட இந்த ரூட்டு கேக்க மாட்டான்.

சிரிச்சிட்டு விட்டுரலாம். ஆனா நெசமான பைலட்டும் இந்த எடத்துலதான் வழுக்கி விழுந்தான். 2015 மார்ச்சு 10-ஆம் தேதி, சிட்னியில இருந்து கோலாலம்பூருக்குக் கெளம்புன ஏர் ஏசியா எக்ஸ். பிளேனு நிக்கிற எடத்தைக் கையால அடிக்கும்போது 151 டிகிரின்னு வர வேண்டியது 15 டிகிரின்னு விழுந்துருச்சு. சிட்னியில நிக்கிற பிளேனு, நாம 11,000 கிலோமீட்டருக்கு அங்கிட்டு ஆப்பிரிக்கா பக்கம் நிக்கிறோம்னு நம்பிக்கிட்டே கெளம்புச்சு. ஏதோ தப்புன்னு பிளேனு சாடைமாடையாச் சொல்லிப் பாத்திருக்கு, யாரும் சட்டை பண்ணல. மேல ஏறுன பெறகுதான் வேற பக்கம் திரும்புது. ஆகாசத்துலயே சரிபண்ணப் போயி இன்னும் கொஞ்சம் கெட்டுப் போச்சு. திரும்பி எறங்கலாம்னா சிட்னியில மேகம் கட்டிக்கிச்சு. கடைசியில மெல்பர்ன்ல கொண்டுபோயி எறக்குனாய்ங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். மலேசியாவுல மகன் இருக்கான்னு ஊறுகாப் பாட்டிலோட ஏறுன அப்பத்தா எவளாவது அதுல இருந்திருந்தா அந்தப் பைலட்டு தொலஞ்சான்.

மெல்பர்னுக்கு என்னமோ ஒரு ராசி. நீ ஓட்டுற இதே கேமுலயும் அங்க ஒரு கூத்து நடந்துச்சு. வீடு எத்தனை மாடின்னு எவனோ ஒரு புண்ணியவான் வரைபடத்துல 2-க்குப் பதிலா 212-ன்னு அடிச்சிட்டான். கேமு அதை அப்படியே நம்பி, ஓட்டு வீடுக நடுவுல 212 மாடிக்கு ஒரு கம்பத்தை நட்டு வச்சிருச்சு. ஊரு உலகத்துப் பயலுக எல்லாம் வேலையை விட்டுட்டு அதைச் சுத்திச் சுத்திப் பறந்தாய்ங்க. நீ அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் அது நம்பும்டா பேராண்டி. உங்கப்பனும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கான், பரீட்சைக்குப் படிக்கிறன்னு.

கெளப்புறதுக்கு வருவோம். ஏர்பஸ் லீவர்ல ஒரு சூட்சுமம் இருக்கு. கெளம்பும்போது முன்னால தள்ளி ஒரு பள்ளத்துல உக்கார வைக்கணும். கொஞ்சம் ஏறுனதும் லீவரை இழுன்னு எதுர்ல எழுத்து மின்னும், ஒரு பள்ளம் பின்னால இழுத்து விட்டுட்டுக் கைய எடுத்திரலாம். அதுக்கப்புறம் கம்ப்யூட்டரு எஞ்சினைக் கூட்டும், கொறைக்கும், லீவரு இருந்த எடத்துலயே இருக்கும். உன் ஜாய்ஸ்டிக்கு அந்தப் பள்ளத்துல சரியா உக்காரணும்னா, காக்பிட் ஓரத்துல இருக்குற டேப்லெட்ல ஒரு தடவ அளவு சொல்லிக் கொடுக்கணும். அஞ்சு நிமிச வேலை. நீ சொல்லிக் கொடுக்கல. மேலூர் தாண்டுற வரைக்கும் எழுத்து மின்னிக்கிட்டே வந்துச்சு, நீ அதை அலங்கார லைட்டுன்னு நெனச்சு வீடியோ எடுத்த.

எறக்குறது இன்னும் விசேசம். அம்பது, நாப்பது, முப்பதுன்னு அதுவே அடிக்கணக்குச் சொல்லிக்கிட்டு வரும். முப்பது வாக்குல மூக்கை லேசாத் தூக்கணும், லேசா. இருபதுல ‘ரிட்டார்ட், ரிட்டார்ட்’னு கத்த ஆரம்பிக்கும், லீவரைக் கடைசி வரைக்கும் பின்னால இழுக்குற வரைக்கும் விடாது. உங்க ஆத்தாகூட சாப்பிடக் கூப்பிட்டா ரெண்டு தடவையில விட்டுருவா. நீ மூக்கைத் தூக்குன தூக்குல பிளேனு மறுபடி திருப்பரங்குன்றத்தைப் பாக்கப் போயிருச்சு.

அதுலயும் ஏ380-ஐ மதுரையில எறக்குவேன்னு அடம். நம்ம ரன்வே 2,285 மீட்டரு. அதை 12,500 அடியாக்கணும்னு வருசக்கணக்காப் பேசுறாய்ங்க. ரிங் ரோடு குறுக்க கெடக்கு, அதை ரன்வேக்கு அடியில விடணும். சின்ன உடைப்பு ஊருச் சனம், மாத்து எடம் கொடுக்காம வீட்டைக் காலி பண்ண மாட்டோம்னு 2024 நவம்பர்ல போராட்டத்துல உக்காந்துச்சு. நெலத்தை விட்டவனுக்குத்தான் நெலத்தோட அருமை தெரியும், அவுக பக்கம் ஞாயம் இருக்கு. நீ எவனையும் கேக்கல, நட்ட ஈடும் கொடுக்கல, ரன்வே முடிஞ்ச பெறகும் ஓட்டிக்கிட்டே போயிப் புல்லுக்குள்ள நிறுத்துன. நாட்டுல உன்னைய மாதிரி நாலு அதிகாரி இருந்தா எல்லாத் திட்டமும் ஒரே ராத்திரியில முடிஞ்சிரும்.

உங்கப்பன் இதை வெளாட்டுச் சாமான்னு வையுறான். அவன்ட்ட ஒண்ணு சொல்லு. எட்வின் லிங்க்னு ஒரு அமெரிக்காக்காரன், அவுக வீட்டுல பியானோவும் ஆர்கனும் செய்யிற தொழிலு. அந்த ஆர்கன் துருத்தியை வச்சே, தரையில இருந்தபடிக்குச் சாயுற, திரும்புற பிளேனு ஒண்ணு 1929-ல செஞ்சான். பட்டாளத்துக்காரன் சீந்தல. திருவிழாப் பொருட்காட்சியில காசு போட்டு ஏறுற ராட்டினத்தோட ராட்டினமா வித்தான். 1934-ல தபால் கொண்டுபோன பட்டாளத்துப் பைலட்டுக மழையிலயும் பனியிலயும் வரிசையா விழுந்து செத்த பெறகுதான் ஓடிவந்து ஆறு பொட்டி வாங்குனாய்ங்க. ரெண்டாம் உலகப் போருல பைலட்டுக பழகுனது அதுலதான். தமுக்கம் பொருட்காட்சியில நிக்க வேண்டியதுல பட்டாளமே படிச்சிருக்கு, நீ ஏன் படிக்கக் கூடாது?

ஆனா ஒண்ணு, உன் இன்ஸ்டாகிராம்ல ‘கேப்டன்’னு போட்டுக்கிட்டியே, அதை மட்டும் எடுத்துரு. கமர்ஷியல் லைசன்ஸுக்கு 200 மணி நேரம் நெசமான ஆகாசத்துல பறந்திருக்கணும், மூணாவது மாடியில பறந்ததை டிஜிசிஏ எண்ணாது. மதுரைக்கு ஏற்கெனவே ஒரு கேப்டன் இருந்தாரு, அவரே ‘கேப்டன் பிரபாகரன்’ நடிச்ச பெறகுதான் அந்தப் பேரை வாங்குனாரு.

சரி, பேசுனது போதும். கம்ப்யூட்டரைப் போடு. அந்தச் சும்மா கெடச்ச ஏ320-ஐ எடு, மத்ததெல்லாம் நிக்கட்டும். பேட்டரியைப் போடு, மூணு குமிழையும் திருப்பு, செட்டிங்ல ‘இன்ஸ்டன்ட்’டை எடுத்துட்டு ‘ரியல்’னு வையி. அது வடக்கைத் தேடுறதுக்குள்ள நீ கீழ போயி ரெண்டு டீ வாங்கிட்டு வந்திரு, எனக்குச் சக்கரை கம்மி. என்ன முழிக்கிற? இம்புட்டு வெவரம் எப்படித் தெரியும்னா? நீதான் யூடியூப்ல சத்தமா வச்சுக் கேக்குறியே, எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு. லாக்புக்கைத் திறந்து பாரு, நீ குறட்டை விட்டுத் தூங்குன நேரத்துல மீனம்பாக்கத்துல சுத்தமா எறங்குன டிரிப்பு ஒண்ணு கெடக்கும். போ போ, டீ ஆறிரும். அப்படியே ரெண்டு உளுந்த வடையும் சேத்து வாங்கிக்க, சென்னை வரைக்கும் போகணும்ல.