அப்பத்தா ஏற்றுக்கொள்ளாத முடிவு

குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் அப்பத்தா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொள்ளும். டிவியில் வருவது கருப்பு. சாமிக்கு நேராகக் காலை நீட்டலாமா?

சன் டிவியில் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' தொடர் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மேலூர்ப் பக்கம் எங்கள் தெருவில் கேபிள் இழுத்திருந்தது ஒரே ஒரு வீடு. வாரத்தில் தொடர் வரும் அந்த ஒருநாள் மட்டும் அந்த வீட்டுப் பட்டாசாலையில் கால் வைக்க இடமிருக்காது. கதை நடக்கும் தோட்டக்காரமங்கலத்தில் தப்புச் செய்தவர்களைத் தேடி வெள்ளைக் குதிரையில் வருவது கருப்பா, இல்லை கருப்பு வேஷத்தில் எவனோ ஒருவனா? இந்த வழக்கு அடுத்த வாரம் வரை தெருவில் நடக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. நான் ஆள்தான் என்ற கட்சி. என் அத்தை மகன் சாமிதான் என்று சத்தியம் பண்ணுவான். இதற்காக ஒரு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளாமல்கூட இருந்தோம்.

கடைசியில் எல்லாம் தொடரில் வரும் ராஜேந்திரனின் மனநோய் என்று தெரிந்தது. அவனுக்கே தெரியாமல் அவனுக்குள் இன்னொருவன். நான் குதித்தேன். மச்சான் முகம் தொங்கிப்போனது. அப்பத்தா மட்டும் வெற்றிலைப் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னது: "வைத்தியர் ஒரு பேரு வச்சுட்டா வந்தது கருப்பு இல்லன்னு ஆயிருமா? எறங்குறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?"

அப்பத்தாவுக்குக் கருப்பு டிவியில் பார்த்துத் தெரிந்த சாமியல்ல. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு உருவம் கிடையாது. சந்தனம் பூசிய, பூட்டிய கதவுதான் சாமி. தீராத வழக்கெல்லாம் அந்தக் கதவு முன்னால் சத்தியத்துக்கு வரும். எங்கள் வீட்டு நிலத் தகராறும் வந்தது. எதிராளி பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். அப்பத்தா அதைக் கண்ணால் பார்த்தது.

இப்போது அந்தத் தொடரை யூடியூபில் நினைத்த நேரத்துக்குப் பார்க்கலாம். ஐந்து முறை முழுதாகப் பார்த்துவிட்டேன். 'மர்மதேசம்' ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் சண்டைக்குக் குறைவில்லை. அதே வரிசையில் நவபாஷாண லிங்கத்தைச் சுற்றிய 'ரகசியம்'தான் உச்சம் என்பார் ஒருவர். 'விடாது கருப்பு'க்கு மூலமான இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவலுக்குத் தொடர் ஈடாகாது என்பார் இன்னொருவர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாவலை ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். இயக்குநர் நாகா அந்தப் பயத்தை வாரக்கணக்கில் எங்கள் ஊருக்குள் குடிவைத்தார். ஒரே முகத்தில் இரண்டு ஆட்களை, ராஜேந்திரனாக நடித்த சேத்தன் வைத்திருந்ததை எழுத்தில் எப்படிக் காட்டுவது?

ஆனால் பழைய வழக்கில் நான் கட்சி மாறிவிட்டேன். குதிரையில் ஏறியது யார் என்பதற்கு நோய் பதில் சொல்கிறது. ஊரே ஏன் அவ்வளவு நடுங்கியது என்பதற்கு அது பதில் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் மறைக்க ஏதோ இருந்தது. கேட்க ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் கருப்பு வருகிறது. அப்பத்தா முதல் தடவையே பிடித்துவிட்டதை நான் பிடிக்க இருபது வருஷம் ஆனது.

மச்சானும் மாறிவிட்டான். இன்று அவன் மனநல மருத்துவர். 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்த செய்தி வந்த ராத்திரி, முதல் போன் அவனுடையதுதான். துக்கத்தில் தொடங்கிய பேச்சு அரை மணி நேரத்தில் தோட்டக்காரமங்கலம் போய்ச் சேர்ந்தது. நான் அப்பத்தாவின் வாதத்தை எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மாப்ள, ராஜேந்திரன் மாதிரி ஒரு பையன என்கிட்ட கூட்டிட்டு வாராங்க. ராத்திரி என்ன பண்ணான்னு அவனுக்கே தெரியல, பயந்து அழுகுறான். கருப்பு எறங்கியிருக்கார், கும்புட்டுட்டுப் போங்கன்னு அனுப்பிரவா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பையனை நான் நினைத்தே பார்க்கவில்லை. எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் ஊரும் சாமியும்தான்.

"அப்ப அந்த ஊரு பண்ண தப்ப எவன்டா கேக்குறது?" என்றேன், கடைசியாக.

"அது எனக்கும் தெரியல."

தை மாசம் ஊருக்கு வந்தான். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் முதல் பகுதியிலிருந்து மறுபடி போட்டோம்.