அல்பாகா வாங்கலையோ, அல்பாகா!

ஆண்டிஸ் மலையில் கம்பளிக்காக வளர்ந்த பிராணி, 1984-இல் அமெரிக்காவில் வந்து இறங்கியதும் 'முதலீடு' ஆகிவிட்டது. டி.வி. விளம்பரத்தில் பச்சைப் புல்வெளி, சிரித்த முகத்தோடு ஒரு தம்பதி, நடுவே கழுத்தை நீட்டிக்கொண்டு அல்பாகா. கூடவே வரிச்சலுகையும் உண்டென்று ஒரு தேன்குரல். கம்பளி என்ன விலைக்குப் போகும் என்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கத்தரித்தால் சில கிலோ தேறும். வளர்க்கிற செலவுக்கே அது காணாது.

அப்புறம் லாபம் எங்கே? குட்டியை விற்பதில். குட்டியை யார் வாங்குவார்? அதன் குட்டியை விற்கப்போகிறவர்!

அல்பாகாவின் இந்த எகிறிய விலை நிற்காது, இது ஊகக் குமிழி என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் இருவர் 2007-இலேயே எழுதினார்கள். ஆய்வுக் கட்டுரைக்கு அல்பாகாவைப்போல நீள இமையும் உருண்டைக் கண்ணும் உண்டா என்ன? எடுபடவில்லை. குமிழி உடைந்தபின், ஆயிரக்கணக்கான டாலருக்குப் போன பிராணியை 'சும்மா ஓட்டிக்கொண்டு போங்கள்' என்றார்கள்.

இப்போதைய விளம்பரம்: அல்பாகாவோடு நடை, செல்ஃபி, கல்யாணத்துக்குக் கழுத்தில் டை கட்டி வாடகைக்கு. அல்பாகாவுக்கு ஒரு நஷ்டமுமில்லை. பிடிக்காதவர் மேல் துப்பும் உரிமையை அது எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை.